கேட்டல் என்னும் பணி

மூணாற்றுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வாழும் நம் அன்பர் ஒருவர் எழுதிய கடிதமே இப்பாடத்திற்குக் காரணம். மகனை இழந்த துக்கம் ஓராண்டாகியும் தணியாமையால், உறவினர் சொற்படி, தனியே தொழில் நடத்தும் மனநல ஆலோசகர் ஒருவரிடம் அவர் சென்றாராம். “ஐயா, ஒரு மணி நேரம் நானே பேசினேன். அவர் மருந்தும் எழுதவில்லை; புத்தியும் சொல்லவில்லை. இதற்கா கட்டணம்?” என்று கேட்கிறார். நியாயமான வினாவே. மருந்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம்: மருந்து எழுதுதல் மனநோய் மருத்துவரின் வேலையேயன்றி ஆலோசகரின் வேலையன்று. புத்தி சொல்லாமையைப் பற்றித்தான் நாம் சற்று விரிவாக ஆராய வேண்டும்.

அவ்வாலோசகர் கையாண்ட முறை மனிதநேய உளவியல் எனப்படும். இதனை வகுத்தவருள் முதன்மையானவர் கார்ல் ராஜர்ஸ் என்னும் அமெரிக்கர். 1902ஆம் ஆண்டில் கட்டுப்பாடு மிக்க கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த இவர், முதலில் வேளாண்மை பயின்றார். 1922இல் மாணவர் மாநாட்டிற்காகச் சீனம் சென்று மீண்டார். பாதிரியாராக எண்ணி இறையியற் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் அதை விடுத்து உளவியலுக்கு வந்தார். ராச்செஸ்டர் நகரில் பன்னிரண்டு ஆண்டுகள் குழந்தைகளிடையே பணியாற்றினார்.

அங்கே நிகழ்ந்ததொன்றை அவரே எழுதியுள்ளார். அடங்காத சிறுவன் ஒருவனின் தாய் அவரிடம் வந்துகொண்டிருந்தாள். தாய் மகனை வெறுத்து ஒதுக்கியதே குறைக்குக் காரணம் என்று ராஜர்ஸ் தெளிந்து, அதனை அவளுக்கு மெல்ல மெல்ல எடுத்துரைத்தார். பல முறை முயன்றும் பயனில்லை. இனி நிறுத்திவிடுவோம் என்று இருவரும் ஒப்பினர். எழுந்து வாயில் வரை சென்ற அத்தாய் திரும்பி, “பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா?” என்று கேட்டாள். ஆம் என்றதும் வந்தமர்ந்து, தன் இல்வாழ்வின் துயரத்தையெல்லாம் கொட்டலானாள். முன்பு அவள் சொல்லியிருந்த வறண்ட விவரங்களுக்கும் இதற்கும் ஒற்றுமையே இல்லை. எங்கே வலிக்கிறதென்பது வலியுடையவருக்கே தெரியும் என்பதை ராஜர்ஸ் அன்று கற்றார். மெத்தப் படித்தவர் ஒருவர் தம் தோல்வியை இப்படி மறைக்காமல் எழுதியது நமக்கு மிகப் பிடித்திருக்கிறது.

1942, 1951, 1961 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த நூல்களில் அவர் இம்முறையை விளக்கினார். வருபவரை ‘நோயாளி’ என்று அழைப்பதை விடுத்தார். ஆலோசகரிடம் அவர் வேண்டியவை: போலி முகம் காட்டாமை, வந்தவரை நிபந்தனையின்றி மதித்தல், அவர் நின்ற இடத்தில் தாமும் நின்று உணர்தல். கேட்பதற்கு எளியவை, செய்து பார்த்தால் அருமை விளங்கும். துக்க வீட்டில் இரண்டு நிமிடம் அறிவுரை கூறாமல் இருக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?

கிசாகோதமியின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. இறந்த மகவை ஏந்தி மருந்து கேட்டு வந்தவளைப் பகவன், மகன் இறந்தானென்று வாதித்துத் திருப்பியனுப்பவில்லை. சாவு காணாத வீட்டிலிருந்து கடுகு கொணரச் சொன்னார். வீடு வீடாகச் சென்று அவள் தானே உணர்ந்தாள். ஆயினும் இரண்டும் ஒன்றென நாம் வாதிக்கவில்லை. பகவன் ஒரு வழியைக் காட்டி அனுப்பினார். ராஜர்ஸ் முறையில் அவ்வழியையும் வந்தவரே தேட வேண்டும்.

இம்முறை நம் எல்லைப் பகுதிகளுக்கு அப்படியே பொருந்துமா? தேவிகுளம், பீருமேடு தோட்டங்களிலும், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையிலும் நம்மவர் வீட்டில் பேசுவது தமிழ். அலுவலகமும் மருத்துவமனையும் பெரும்பாலும் மலையாளத்தில் நடப்பவை. கடைக்கும் பேருந்துக்கும் போதுமான மலையாளம் அழுகைக்குப் போதாது. மேலும், சுவருக்குச் சுவர் ஒட்டிய லயத்தில் தனித்துப் பேச இடம் ஏது? 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டு எழுபது உயிர்கள் மாண்டன. உறவினர் பலரை ஒருசேர இழந்தவர்கட்குச் சோறும் வீடும் போலவே, சொல்லி அழுவதற்குத் தம் மொழியறிந்த செவியும் வேண்டியிருந்தது என்பது நம் கருத்து.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உடையவரிடம் ஆலோசகர் வெறுமனே கேட்டுக்கொண்டிருத்தலாகாது. மருத்துவரிடம் சேர்ப்பித்தல் கடமை. நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

தனியே தொழில் நடத்துவோரிடம் செல்பவர் அவருடைய படிப்பையும் கட்டணத்தையும் முதலிலேயே கேட்பதில் கூச்சம் வேண்டா. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவராதல் வேண்டும். பேசியவை வெளியே போகுமா என்றும் கேட்கலாம்.

இவற்றையெல்லாம் அன்பருக்கு எழுதினோம். மறுமொழி வந்துள்ளது. அந்த ஒரு மணி நேரமும் தாம் மலையாளத்திலேயே பேசியதாகவும், மகனின் பெயரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்ததாகவும், அடுத்த வாரம் சென்று, தமிழில் பேசலாமா என்று கேட்கப்போவதாகவும் எழுதியிருக்கிறார்.