மும்பை மழையில் ஆனைக்கற்றாழை

ஊரில் ரயில் பாதையோரம் வேலியாக நிற்குமே, அந்த ஆனைக்கற்றாழையை செம்பூர் பால்கனியிலும் வளர்க்கலாம். மெக்சிகோ செடி; வெயிலைத் தாங்கும், தேங்கும் நீரைத் தாங்காது. மும்பையிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மி.மீ.க்கு மேல் கொட்டும். தாராவி கும்பர்வாடாவில் அடியில் துளையுள்ள மண்தொட்டி வாங்கி, மண்ணில் பாதிக்குப் பாதி பருமணல் கலந்து நடுங்கள். மழைக்காலத்தில் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்திவிடுங்கள். அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள்; கொழகொழவென்று இருந்தால் அழுகல்.

மடல் நுனி முள் குழந்தைகளின் கண் உயரத்துக்கு வரும். நுனியை மட்டும் நறுக்கிவிடுங்கள். சாறு பட்டால் தோல் அரிக்கும், கையுறை அவசியம். சோற்றுக்கற்றாழை என்று நினைத்து முகத்தில் தடவிவிடாதீர்கள். பல ஆண்டுகள் கழித்து ஒரே முறை பூத்து, தாய்ச்செடி காய்ந்துபோகும். வருந்தவேண்டாம், பக்கக்கன்றைப் பிரித்து, வெட்டிய இடம் உலர நான்கு நாள் நிழலில் வைத்து நடுங்கள்.