குளம் பச்சையானால் மயில்துத்தத்தைத் தொடாதீர்கள்

உடன்குடிப் பக்கம் கோடையில் குளங்கள் சுண்டும்போது, கரையோரத் தண்ணீரில் பச்சை பெயின்டைக் கொட்டியது போல ஒரு படலம் திரண்டால், ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழும். காய்ச்சினால் சரியாகிவிடுமா? மயில்துத்தம் போட்டால் போய்விடுமா? இரண்டுக்குமே பதில், ‘இல்லை’.

அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். பார்வைக்குப் பாசி, இனத்தால் பாக்டீரியா. வயலில் போட்ட யூரியா, டிஏபி, சாணம், சோப்புத் தண்ணீர் எல்லாம் சுண்டிய நீரில் சேர, வெயிலும் கூடினால் மளமளவென்று பெருகும். பகலில் நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் காரத்தன்மை ஏறி, பி.எச். 9-ஐயும் தாண்டும். மற்ற பாசிகள் பல அதில் திணற, இது பைகார்பனேட்டை வைத்தே பிழைத்துக்கொள்ளும். இது நஞ்சும் சுரக்கக்கூடியது; கென்யாவின் போகோரியா, நகுரு போன்ற காரம் மிகுந்த சோடா ஏரிகளில் பூநாரைகள் கூட்டமாகச் செத்ததில் இதன் நஞ்சுக்கும் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

மருந்து ஏன் கூடாது?

நஞ்சின் பெரும்பகுதி பாசியின் செல்லுக்குள் இருக்கிறது. மயில்துத்தம் செல்லை உடைத்து நஞ்சை நீரில் கலந்துவிடும். 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில், குடிநீர் அணையில் பெருகிய பாசியை அழிக்க மயில்துத்தம் போட்டார்கள். அடுத்த சில நாட்களில் 148 பேருக்கு ஈரலும் குடலும் பாதிக்கப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். பச்சைப் படலத்தின் மேல் பிளீச்சிங் பவுடர் தூவினாலும் இதே ஆபத்துதான். காய்ச்சினால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. துணியில் வடிகட்டினாலும் போகாது.

கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு குச்சியால் படலத்தை அள்ளிப் பாருங்கள். நூல் நூலாகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. குச்சியில் அப்பிக்கொண்டால் சந்தேகப்படுங்கள். கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடி பாட்டிலில் முக்கால் பங்கு நீர் பிடித்து, ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் மேலே பச்சை வளையம் கட்டியிருந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். நஞ்சு உண்டா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். அதுவரை நஞ்சு இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடு மாடுகளுக்கு

தண்ணீர் காட்ட ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டியில் பிடித்து வையுங்கள். வேறு வழியே இல்லாவிட்டால் காற்றைக் கவனியுங்கள். கச்சான் (மேற்குக் காற்று) அடிக்கும்போது படலம் கீழ்க்கரையில் ஒதுங்கும். மேல்கரையில், படலமே இல்லாத இடமாகப் பார்த்துத் தண்ணீர் காட்டுங்கள். பாசி நீரைக் குடித்த மாடு இரை எடுக்காமல் சோர்ந்தால், கழிந்தால், ஈறு வெளுத்தால் ஈரல் பாதித்திருக்கலாம். நரம்பைத் தாக்கும் வகையானால் நடுங்கி, வலிப்பு வந்து, சில மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. நிழலில் கட்டிவிட்டு உடனே கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962-ஐ அழையுங்கள். குளத்து நீரையும் ஒரு பாட்டிலில் பிடித்து, வெயில் படாமல் குளிர்ச்சியாக வைத்து மருத்துவரிடம் கொடுங்கள். நாய் நனைந்திருந்தால், ரோமத்தை நக்கும் முன்னே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

மனிதர்களுக்கு

குழந்தைகளைக் குளத்தில் குளிக்க விடாதீர்கள். அந்தக் குளத்து மீனைத் தவிர்ப்பதே நல்லது; ஏற்கெனவே பிடித்திருந்தால் குடலையும் ஈரலையும் நீக்கி, சதையை நல்ல நீரில் அலசிச் சமையுங்கள். செத்து மிதக்கும் மீனைத் தொடவே வேண்டாம். கீரைப் பாத்திக்கு அந்த நீரைத் தெளிக்காதீர்கள்.

அடுத்த கோடைக்குள்

குளத்துக்குள் மாட்டை இறக்கிக் குளிப்பாட்டுவதை நிறுத்துங்கள். வாய்க்கால் ஓரம் எருக்குழி வேண்டாம். மழை வரும் நேரத்தில் உரம் போடாதீர்கள். பாசிக்குத் தீனி கிடைக்காமல் செய்வதுதான் நிலையான தீர்வு.

நீர் தெளிந்த மறுநாளே ஆட்டை ஓட்டிப் போகவும் வேண்டாம். பாசி செத்த பிறகும் நஞ்சு வாரக்கணக்கில் நீரில் தங்கும். இரண்டு மூன்று வாரம் பொறுத்து, முடிந்தால் நீரைச் சோதித்துவிட்டுக் குளத்தில் இறக்குங்கள்.