கோடைப் பானங்கள்: வயிறு தேறியவர்கள் கவனத்திற்கு

பங்குனி முடிகிறது. மே முதல் வாரத்தில் கத்திரி. வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல், ஓயாத வயிற்றுப்போக்கு என்று மாதக்கணக்கில் கஞ்சியும் வெந்நீருமாக ஓட்டி, இப்போதுதான் தேறியிருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. பிடித்ததைக் குடிக்கலாம். வரிசையாகக் குடியுங்கள்.

• ஒரு நேரத்தில் ஒரு புதுப் பானம், அரை டம்ளர். மூன்று நாள் தொந்தரவில்லை என்றால் அடுத்தது.

• முதலில் நீர்மோர். நீண்ட வயிற்றுப்போக்குக்குப் பின் பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் சில வாரங்கள் குறைந்திருக்கும். தயிராகும்போது அதில் ஒரு பகுதி சிதைந்துவிடுவதால் மோர் ஒத்துக்கொள்ளும். ரோஸ்மில்க், ஜிகர்தண்டா எல்லாம் பிறகு.

• இளநீர்: கண்ணெதிரே வெட்டியது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின்.

• காபி, டீ: காலை ஆகாரத்துக்குப் பின், லைட்டாக. வெறும் வயிற்றில் கூடாது.

• எலுமிச்சை ஜூஸ், சோடா: நெஞ்செரிச்சல்காரர்களுக்குக் கடைசியில்.

• தலைவலி, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை வேண்டாம். ஆறிய புண்ணை அது மறுபடி கிளறும்.

இனிச் சொல்வதை நிதானமாகப் படியுங்கள்.

வெளியில் ஐஸ் போட்ட எதையும் குடிக்காதீர்கள்.

போன கோடையில் தேறிப் போனவர்கள் பலர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து குளுக்கோஸ் பாட்டிலோடு படுத்ததற்குக் காரணம் காபியோ காரமோ இல்லை. வெயிலில் நின்று குடித்த ஒரு கிளாஸ் கரும்புச்சாறு, அதில் மிதந்த ஐஸ். உறைந்தால் கிருமி செத்துவிடாது, உறங்கும். கரைந்ததும் வேலையைத் தொடங்கும். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வருகிற வழிகளில் இதுவும் ஒன்று.

உங்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. வயிற்று அமிலம் கிருமிகளைக் கொல்லும் காவல். உங்களில் பலர் சாப்பிடும் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகள் அந்த அமிலத்தைக் குறைப்பவை. மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஐஸை நிறுத்துங்கள்.

"தெரிஞ்ச கடைதான் சார்" என்பீர்கள். கடைக்காரர் தெரிந்தவர், ஐஸ் கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று அவருக்குத் தெரியுமா? சாக்கில் சுற்றி வந்து, தரையில் வைத்து உடைபடுவதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புத் துறை சொல்லியிருக்கிறது. அதற்காக, வெள்ளையாக இருப்பதெல்லாம் நல்ல ஐஸ் ஆகிவிடாது. "ரெண்டே துண்டுதான்" என்பதும் வேண்டாம். கிருமிக்குத் துண்டுக் கணக்கு கிடையாது. எலுமிச்சை பிழிந்தால் சரியாகிவிடும் என்பதும் வெறும் பேச்சு. ஆர்டர் சொல்லும்போதே "ஐஸ் போடாதீங்க" என்று சொல்லுங்கள். போட்ட பிறகு எடுத்துப் போட்டுக் குடிப்பதில் பயனில்லை. கரும்புக்கு நடுவே ஐஸ் வைத்துப் பிழிகிற கடையானால் நகர்ந்துவிடுங்கள்.

குளிர்ச்சி வேண்டுமா? கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைக் கழுவிய மண்பானையில் மூடி வையுங்கள். நன்னாரி சர்பத்தை அதில் கலக்குங்கள்.

மறுபடி வயிற்றுப்போக்கு தொடங்கினால் பாக்கெட்டில் எழுதிய அளவுத் தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்து முடியுங்கள். கூல் டிரிங்க்ஸ் அதற்கு மாற்றாகாது.

மலம் தார்போலக் கறுத்தாலோ, ரத்தம் கலந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ பானச் சோதனை போதும். அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.