ரண சிகிச்சையும் கல்லீரல் பாதுகாப்பும்: சத்துணவின் பங்கு

உடலின் உள்ளுறுப்புகளுள் மிகப் பெரியது கல்லீரல். வளர்ந்தவரிடத்தில் அதன் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் ஆகும். இருதயம் வெளியேற்றும் இரத்தத்தில் சுமார் நாலில் ஒரு பங்கு அதனூடே பாய்கின்றது. ஆதலால் கல்லீரலில் ரண சிகிச்சை செய்வோர் முதலில் அஞ்சுவது இரத்தப் பெருக்கையே. 1908-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள், ஈரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களை ஒருங்கே இறுக்கிப் பிடித்து இப்பெருக்கைத் தடுக்கும் முறையை விவரித்தார். அம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.

தீங்கு நேரும் விதம்

குழாய்களை இறுக்கியதும் ஈரலின் உயிரணுக்களுக்குப் பிராணவாயு கிடைப்பதில்லை. அவற்றின் சக்திச் சேமிப்பு குறைகின்றது. பிடியைத் தளர்த்தி இரத்தம் மீண்டும் பாயும்பொழுது தீங்கு நின்றுவிடுவதில்லை, மாறாக மிகுகின்றது. காய்ந்து வெடித்த வயலில் மடையை ஒரேயடியாகத் திறந்தால் வரப்பு உடைவதை இதற்கு ஒப்பிடலாம். திரும்பி வரும் பிராணவாயுவிலிருந்து தீவிர வினையாற்றும் மூலக்கூறுகள் தோன்றி உயிரணுச் சவ்வுகளைச் சிதைக்கின்றன. ஈரலிலேயே தங்கியிருக்கும் குப்ஃபர் அணுக்கள் கிளர்ச்சியுற்று அழற்சியை வளர்க்கின்றன. இதனைக் குறைக்கவே, பதினைந்து நிமிடம் இறுக்கி, ஐந்து நிமிடம் தளர்த்தும் முறையை மருத்துவர் பலர் கையாளுகின்றனர்.

துணைச்சத்துப் பொருள்கள்

கிளைசின் என்னும் அமினோ அமிலம், மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள், வைட்டமின் ஈ ஆகியவற்றை முன்கூட்டியே அளித்த எலிகளில் இத்தீங்கு குறைந்தது. ஆயினும் சோதனை எலி இளமையும் நலமும் உடையது. நோயாளியோ பெரும்பாலும் முதியவர், கொழுப்பு படிந்த அல்லது முன்பே பழுதுற்ற ஈரலை உடையவர். மனிதரில் இப்பொருள்களின் பயன் இன்னும் உறுதிப்படவில்லை. அன்றியும், சத்துப்பொருள் என்ற பெயர் உள்ளதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. அளவு மிஞ்சிய வைட்டமின் ஏ ஈரலைக் கெடுக்கும். பச்சைத் தேயிலையின் செறிவுச் சாற்றினாலும் ஈரல் அழற்சி கண்டவர் உண்டு.

உறுதியான பயன் தருபவை

முதலாவது, உணவுக் குறைவைச் சீராக்குதல். கடுமையாக மெலிந்த நோயாளிக்கு, அவசரமில்லாத சிகிச்சையை ஒத்திவைத்தேனும், ஏழு முதல் பதினான்கு நாட்கள் போஷாக்கு அளிக்க வேண்டுமென ஐரோப்பிய நெறிமுறைகள் கூறுகின்றன. ஈரல் நோயாளிக்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்ற பழைய கருத்து கைவிடப்பட்டுள்ளது.

இரண்டாவது, வைட்டமின் கே. பித்தநாளம் அடைபட்ட காமாலையில் பித்தம் குடலை அடைவதில்லை. அதனால் இந்த வைட்டமின் உட்கொள்ளப்படாமல், இரத்தம் உறையும் தன்மை குறைகின்றது. ஊசி மூலம் அளித்து இதைச் சரிசெய்யலாம்.

மூன்றாவது, வீண் பட்டினியைத் தவிர்த்தல். ஈரலிலுள்ள கிளைகோஜன் ஏறத்தாழ ஒரு நாள் பட்டினியில் பெரிதும் தீர்ந்துவிடும். சீரணத் தாமதம் இல்லாதவர்க்கு, மயக்க மருந்து அளிப்பதற்கு ஆறு மணி நேரம் முன்புவரை இலேசான உணவும், இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிந்த நீராகாரமும் பொதுவாக அனுமதிக்கப்படுகின்றன. மருத்துவர் குறிக்கும் நேரமே இறுதியானது.

பணியாளர் செய்யத்தக்கவை

சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட குடும்பம், விலையுயர்ந்த பொடிகளுக்காகக் கடன்படுவதும், பத்தியம் என்று நோயாளியின் உணவைக் குறைப்பதும் உண்டு. இரண்டையும் தடுத்தல் பணியாளரின் கடமை. அண்மை மாதங்களில் எடை குறைந்ததா என விசாரித்து, உண்ணும் மருந்து, பொடி, லேகியம் அனைத்தையும் எழுதி, மருத்துவரிடம் காட்டச் செய்தல் வேண்டும். மதுவை அறவே நிறுத்தத் தூண்டுவதுடன், நாள்தோறும் குடிப்பவரை அதற்காக முதலில் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

வினாக்கள்

1. இரத்தம் திரும்பும்பொழுது ஈரலுக்குத் தீங்கு மிகுவது ஏன்?
2. எலியில் கண்ட பயனை மனிதருக்கும் உரியதென உடனே கொள்ளலாகாது, ஏன்?
3. காமாலை நோயாளிக்கு வைட்டமின் கே ஊசி எதற்காக அளிக்கப்படுகின்றது?