‘டிமோட்டிவேட் ஆயிட்டான் சார்’

புதிதாக ஆங்கில வகுப்பெடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு:

1. ஒரு மாணவனைப் பற்றி ‘டிமோட்டிவேட்டட்’ என்று எழுதுமுன் ‘அன்மோட்டிவேட்டட்’ என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அன்மோட்டிவேட்டட் என்றால் ஊக்கம் இல்லாதவன், அவ்வளவுதான். டிமோட்டிவேட்டட் என்றால் இருந்த ஊக்கத்தை இழந்தவன். இரண்டாவதை எழுதினால், ஊக்கம் எப்போது போனது, எதனால் போனது என்று தலைமையாசிரியர் கேட்பார். கேட்க வேண்டும்.

2. நேர்முகத் தேர்வில் “ஐ ஆம் டிமோட்டிவேட்டிங்” என்று சொல்பவர்கள் உண்டு. மற்றவர்களின் ஊக்கத்தைக் கெடுப்பவன் நான் என்பது அதன் பொருள்! வேலை எப்படிக் கிடைக்கும்? ‘போர்ட்’, ‘போரிங்’ இரண்டையும் நடத்தும் அன்றே இதையும் நடத்திவிடுங்கள். உணர்கிறவருக்கு ‘எட்’, உணரவைப்பதற்கு ‘இங்’.

3. காரணத்தைச் சொல்ல ‘பை’ போதும்: டிமோட்டிவேட்டட் பை லோ மார்க்ஸ்.

4. மொழி கற்பவர்களின் ஊக்கத்தை ஆராய்வதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஹங்கேரியில் பிறந்த ஸோல்டான் டோர்னியே. புடாபெஸ்ட் பள்ளிகளில் ஆங்கிலமோ ஜெர்மனோ படித்து ஊக்கம் இழந்த 50 மாணவர்களிடம் அவர் பேசிப் பார்த்தார். காரணங்களில் முதலிடம் ஆசிரியருக்கு. பாடநூல், பள்ளி வசதி எல்லாம் பிறகுதான். “இந்தக் காலத்துப் பசங்களுக்கு அக்கறையே இல்லை” என்று ஆசிரியர் அறையில் யாராவது ஆரம்பித்தால், தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

5. ‘டிமாரலைஸ்ட்’ இன்னும் கனமான சொல். அமெரிக்க அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர் தாம் உருவாக்கியதாகச் சொல்லிக்கொண்ட ஒரே சொல் ‘டிமாரலைஸ்’. (பிரெஞ்சில் ஏற்கெனவே இருந்தது, அது வேறு கதை.) அவருடைய 1828 அகராதியில் அதற்கு ஒழுக்கத்தைக் கெடுப்பது என்று பொருள். மனத்திடத்தைக் குலைப்பது என்ற பொருள் பின்னால்தான் நிலைத்தது. தோற்றுத் திரும்பும் படைக்கு அது பொருந்தும். ஒரு மாதத் தேர்வில் மதிப்பெண் குறைந்தவனுக்கு வேண்டாம்.

6. தூக்கம் போதாமல் மேசையில் சாய்பவனுக்கு ‘டயர்ட்’ போதும்.

7. கட்டுரை நோட்டில் எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் சுழிக்காதீர்கள். அந்த வாரம் நடத்திய பாடத்தில் வந்த பிழையை மட்டும் காட்டுங்கள். மற்றவை அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும், அப்போது பிடித்துக்கொள்ளலாம்.