காவிரிக் கரையில் காபிக்கு எது ஜோடி?

கும்பகோணம் வருகிறவர்களில் பெரும்பாலோர் விடிந்ததும் ஒரு காபி, எட்டு மணிக்கு இட்லி சாம்பாரோடு இன்னொரு காபி என்று முடித்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் காபி சரி, இரண்டாவதில்தான் தப்பு. புளி கரைத்த சாம்பார் நாக்கில் நிற்கும்போது பால் காபி உள்ளே போனால், அதன் மணத்தில் பாதிகூடத் தெரியாது. சாம்பார் பிறந்ததே தஞ்சை மராத்தியர் அரண்மனையில்தான் என்று ஒரு கதை உண்டு. அந்தச் சாம்பாருக்கு உரிய மரியாதையை மதியச் சாப்பாட்டில் கொடுங்கள். காபிக்கு வேறு ஜோடி இருக்கிறது.

பீட்சாவுக்குச் சிவப்பு ஒயின் என்று மேல்நாட்டார் தேர்ந்தெடுப்பதில் ஒரு கணக்கு உண்டு. திராட்சைத் தோலிலிருந்து இறங்கிய துவர்ப்பு, சீஸின் கொழுப்பை நாக்கிலிருந்து வழித்துவிடுகிறது. தக்காளியின் புளிப்புக்கு ஒயினின் புளிப்பு ஈடுகொடுக்கிறது. டெல்டாவில் அந்த வேலையைச் செய்வது டிகாக்‌ஷனின் கசப்பு. நெய்யும் தேங்காயும் அதற்கு அடங்கும், புளி அடங்காது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் ஏமாற மாட்டீர்கள்.

டிகிரி காபி என்ற பெயருக்கு மூன்று விளக்கம் சொல்வார்கள். பால்மானி வைத்து, தண்ணீர் கலக்காதது என்று உறுதிசெய்த பாலில் போட்டது என்பது ஒன்று. முதல் டிகாக்‌ஷனைக் குறித்தது என்பது இன்னொன்று. சிக்கரி என்ற சொல் திரிந்து டிகிரி ஆனது என்பது மூன்றாவது. பெயர் எப்படி வந்திருந்தாலும் பசும்பால், அப்போது இறங்கிய டிகாக்‌ஷன், பித்தளை டவரா டம்ளர் மூன்றும் சேர வேண்டும். தமிழ் வீடுகளில் காபி நுழைந்து நிலைத்த கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற கட்டுரையில் எழுதியிருக்கிறார். ரயிலில் படிக்க ஏற்றது.

கும்பகோணம்: கடப்பாவும் காபியும்

பயணத்தில் ஒரே ஒரு காபிதான் குடிக்க முடியும் என்றால் அது கடப்பாவுக்குப் பிறகு இருக்கட்டும். குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, மசித்த உருளைக்கிழங்கு, தேங்காயும் சோம்பும் கசகசாவும் சேர்த்து அரைத்த விழுது. புளி கிடையாது, சாம்பார்ப் பொடியும் கிடையாது. ஒரு கரண்டி ஊற்றியதும் இட்லியின் ஓரம் மெதுவாக ஊறி விரல் பட்டாலே உடையும். இலவங்கப்பட்டை வாசனை அப்போதுதான் மேலே வரும். கடைசி விள்ளலால் இலையை வழித்துத் தின்றுவிட்டு, டவராவில் நுரை அடங்காத காபியைத் தூக்குங்கள். தேங்காயின் வழவழப்பைக் கசப்பு கழுவ, பாலின் தித்திப்பு தனியே தெரியும். டெல்டாவில் இதற்கு மிஞ்சிய ஜோடி இல்லை.

எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கடப்பா கிடையாது. உட்காருமுன் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் வெண்பொங்கலும் தேங்காய்ச் சட்னியும் சொல்லுங்கள், கொத்சு வேண்டாம். ஆதி கும்பேஸ்வரர் கோயில் பக்கம் உள்ள மங்களாம்பிகா, காந்தி பூங்கா அருகே உள்ள வெங்கட்ரமணா இரண்டுமே நம்பிப் போகக்கூடிய பழைய இடங்கள்.

திருவையாறு: அசோகா, காரம், காபி

தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி எல்லாம் தாண்டிக் காவிரியில் போய் நிற்கும் பாதை. பேருந்தில் ஜன்னலோரம் பிடியுங்கள், பாலத்துக்குப் பாலம் வயல் வரும்.

ஆண்டவர் கடை அசோகா அல்வாவைச் சூடாக வாங்குங்கள். பாசிப்பருப்பு, கோதுமை மாவு, சர்க்கரை, நெய் நான்கும் சேர்ந்தது. கையில் எடுத்தால் நெய் விரலிடுக்கில் இறங்கும். தின்ற கையோடு காபிக்குப் போய்விடாதீர்கள். தித்திப்பு நிறைந்த வாயில் சர்க்கரை போட்ட காபியும் கசக்கும். நடுவே ஒரு பிடி மிக்சர் வேண்டும். உப்பு அந்தத் தித்திப்பைத் துடைத்துவிடும். பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சொஜ்ஜி, பஜ்ஜி, அப்புறம்தான் காபி என்று தட்டு வரும் வரிசை சும்மா வந்ததில்லை. ஆனால் மிளகாய்க் காரம் தூக்கலாக இருக்கக் கூடாது, சூடான காபி எரிச்சலைக் கூட்டிவிடும்.

இவை வேண்டாம்

தஞ்சாவூர் சந்திரகலா அருமையான இனிப்பு. ஆனால் உள்ளே கோவா, மேலே பாகு. பால் காபியோடு சேர்த்தால் பாலுக்கு மேல் பால்தான். வீட்டுக்கு வாங்கிப் போங்கள்.

நெடுஞ்சாலை ஓரத்துக் ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகளை நம்பி வண்டியை நிறுத்த வேண்டாம்.

ஆட்டோ பேச்சையும் நம்ப வேண்டாம். என்னோடு என் அத்தையும் வந்திருந்தார். பாபநாசத்தில் பிறந்து வளர்ந்தவர், முப்பது ஆண்டுக்குப் பிறகு ஊர் பார்க்க வந்தவர். கும்பகோணம் ரயிலடியில் இறங்கியதுமே ஒருவர் பையைப் பிடித்துக்கொண்டார். “நூறு வருஷக் கடைம்மா, ஒரிஜினல் டிகிரி காபி, நான் கூட்டிட்டுப் போறேன்.” நாலு தெரு சுற்றி ஒரு புதுக் கடையில் இறக்கினார். பித்தளை டவரா பளபளத்தது. டிகாக்‌ஷன் பழையது, திரும்பத் திரும்பச் சூடாக்கிய வாடை. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். “இதுக்காடா இவ்வளவு தூரம் வந்தோம்?” அத்தையின் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. கல்லாவில் ஆட்டோக்காரருக்குப் பணம் கைமாறியதையும் பார்க்க நேர்ந்தது. அலைந்து திரிந்து பழைய கடைக்குப் போனபோது கடப்பா தீர்ந்திருந்தது. மறுநாள் ஏழு மணிக்கே போய்தான் அத்தைக்கு அது கிடைத்தது. இரண்டு காபி கேட்டுக் குடித்தார்.

போக வர

சென்னை எழும்பூரிலிருந்து இரவு உழவன் விரைவு ரயிலில் ஏறினால் விடியலில் கும்பகோணம். அங்கிருந்து தஞ்சாவூர் சுமார் 40 கிலோமீட்டர், பேருந்துக்குப் பஞ்சமில்லை. செலவு பெரிதாக ஆகாது. காபியின் மணம் அடங்கப் பத்து நிமிடம் விட்டு, 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலையைப் போடுங்கள்.

ஜனவரியில் தியாகராஜர் ஆராதனை நாட்களில் திருவையாற்றில் அசோகாவுக்கு நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும். 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம். அந்தக் கூட்டத்தில் நிதானமாகக் காபி குடிக்க முடியாது. அதற்கு முன்பே, ஒரு காலை வேளையில், வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு போய்வாருங்கள்.