குளம்படிப் பாதைகளின் காவலர்கள்

வட இங்கிலாந்தில் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது பென்னைன் மலைத்தொடர். அதன் மேட்டுநிலங்களில் நடந்து செல்பவர்கள் சில இடங்களில் வரிசையாகப் பதிக்கப்பட்ட பழைய கற்பலகைகளைக் காணலாம். அவற்றின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருக்கும். அந்தக் குழிவை எவரும் உளிகொண்டு செதுக்கவில்லை. பல தலைமுறைகளாக அவ்வழியே நடந்த குதிரைகளின் குளம்புகள் ஏற்படுத்திய தேய்மானம் அது. 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்னும் பழமொழியை அந்தக் கற்கள் நினைவூட்டுகின்றன.

கல்லையே தேய்த்த அந்தப் பாதைகளுள் பல பிற்காலத்தில் கவனிப்பாரின்றிப் போயின. நடமாட்டம் குறைந்த பாதையைச் சில ஆண்டுகளிலேயே முட்செடிகள் மூடிவிடுகின்றன. அவற்றை மீட்கவும் காக்கவும் இன்று தொண்டூழியர்கள் உழைத்து வருகிறார்கள்.

பொதிக்குதிரைகளின் வழி

கால்வாய்களும் இரயில் பாதைகளும் வருவதற்கு முன், இம்மலைகளைக் கடந்து சரக்கைக் கொண்டு சென்றவை பொதிக்குதிரைகளே. கம்பளி, துணி, உப்பு, சுண்ணாம்பு ஆகியவற்றை முதுகின் இருபுறமும் சுமந்தபடி அவை ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ஓடைகளின் மீது அவற்றுக்கென்றே குறுகலான கற்பாலங்கள் கட்டப்பட்டன. தொங்கும் மூட்டைகள் இடிக்காமல் இருப்பதற்காக, அப்பாலங்களின் பக்கச் சுவர்கள் மிகவும் தாழ்வாக அமைக்கப்பட்டன.

காலப்போக்கில் சரக்குப் போக்குவரத்து கால்வாய்களுக்கும் இரயிலுக்கும் பின்னர் லாரிக்கும் மாறியது. எனினும், குதிரையில் செல்லும் வழக்கம் மறையவில்லை. பொழுதுபோக்கிற்காகவும் உடற்பயிற்சிக்காகவும் இன்றும் பலர் குதிரையேற்றத்தில் ஈடுபடுகிறார்கள்.

சாலையா, பாதையா?

இங்கிலாந்துச் சட்டப்படி, 'குதிரைப் பாதை' என்பது நடப்பவர்களும் குதிரையில் செல்பவர்களும் பயன்படுத்தும் உரிமை பெற்ற வழியாகும். 1968ஆம் ஆண்டுச் சட்டம் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் அந்த உரிமையை வழங்கியது. நடைபாதைகளை மஞ்சள் அம்புக்குறி காட்டும். குதிரைப் பாதைகளை நீல அம்புக்குறி காட்டும்.

இங்கிலாந்தில் பொதுமக்கள் செல்ல உரிமையுள்ள பாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 188,000 கிலோமீட்டர். அவற்றுள் சுமார் ஐந்தில் ஒரு பங்கில் மட்டுமே குதிரையில் செல்ல முடியும். அதனால், ஒரு குதிரைப் பாதை அடைபட்டாலும் அதன் விளைவு பெரிது. குதிரையில் செல்பவர் வாகனங்கள் விரையும் தார்ச்சாலைக்கு வர வேண்டியிருக்கும். குதிரை எளிதில் மிரளக்கூடிய விலங்கு. பின்னால் திடீரென எழும் ஒலி ஒன்றே அதை மிரண்டு ஓடச் செய்யப் போதுமானது. 2022இல் திருத்தப்பட்ட பிரிட்டனின் சாலை விதித்தொகுப்பு, குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 16 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தில், குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விட்டுச் செல்லுமாறு ஓட்டுநர்களுக்கு அறிவுறுத்துகிறது. ஆயினும், குதிரைக்கும் அதில் செல்பவருக்கும் சாலையைவிடப் பாதுகாப்பானது வாகனங்கள் வராத பாதைதான்.

ஒரு பெண்மணியின் பயணம்

இந்த உண்மையை நாட்டின் கவனத்துக்குக் கொண்டு வந்தவர்களுள் ஒருவர் மேரி டவுன்லி. குதிரைப் பாதைகள் சீர்கெட்டுக் கிடப்பதைக் கண்டு வருந்திய அவர், 1986ஆம் ஆண்டில் தோழியருடன் குதிரையில் புறப்பட்டார். நார்தம்பர்லந்து வட்டாரத்திலிருந்து டெர்பிஷையர் வரை ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்தார். பழைய பாதைகளை இணைத்து நெடுந்தூரக் குதிரைப் பாதை ஒன்றை அமைக்க வேண்டும் என்னும் எண்ணம் அப்பயணத்தால் வலுப்பெற்றது.

அந்த எண்ணம் நிறைவேறப் பல ஆண்டுகள் ஆயின. மேரி டவுன்லி 2001இல் காலமானார். மறு ஆண்டே, சுமார் 76 கிலோமீட்டர் நீளமுள்ள வட்டப்பாதை ஒன்று அவர் பெயரைத் தாங்கித் திறக்கப்பட்டது. இன்று 'பென்னைன் குதிரைப் பாதை' ஏறத்தாழ 330 கிலோமீட்டர் நீளமுள்ள தேசியப் பாதையாக விளங்குகிறது.

கத்தரியும் மண்வெட்டியும்

பாதையைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. அதைத் தொடர்ந்து பேணவும் வேண்டும். பாதையின் தரைக்குப் பொறுப்பேற்பது உள்ளூர் மன்றம். வாயிற்கதவுகளையும் பாதைமேல் சாயும் மரங்களையும் கவனிப்பது நில உரிமையாளரின் கடமை. ஆனால், நிதியும் ஆட்களும் எல்லா இடங்களுக்கும் போதுவதில்லை. அந்தக் குறையை ஈடுசெய்ய முன்வருபவர்களே தொண்டூழியர்கள்.

நடப்பவருக்குத் தடையாகத் தோன்றாத கிளை, குதிரைமேல் இருப்பவரின் முகத்தில் அடிக்கும். அதனால், தொண்டூழியர்கள் ஏறத்தாழ 3 மீட்டர் உயரம்வரை கிளைகளைக் கத்தரிக்கிறார்கள். எனினும், பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் வேலிச்செடிகளை வெட்டுவதைத் தவிர்க்கிறார்கள். வாயிற்கதவுகளையும் அவர்கள் சோதித்துப் பார்க்கிறார்கள். குதிரையிலிருந்து இறங்காமலேயே தாழ்ப்பாளை எட்டித் திறக்க முடிய வேண்டும். கதவு மிக வேகமாக மூடிக்கொண்டால் குதிரையின் உடலில் மோதிவிடும்.

பாதைக்குப் பெரும்பகை தேங்கும் நீர். ஒரு குதிரையின் எடை ஏறத்தாழ 500 கிலோகிராம் இருக்கும். அந்த எடை முழுவதும் நான்கு சிறிய குளம்புகளின் வழியே தரையை அழுத்துகிறது. ஈரமண்ணில் குளம்பு புதையும். புதைந்த குழியில் நீர் தேங்கும். அடுத்து வரும் குதிரை அதைச் சேறாக்கும். சேற்றைத் தவிர்க்க விரும்புபவர்கள் ஓரமாகச் செல்வார்கள். அதனால் பாதை அகன்று, பக்கத்துப் புல்வெளியும் பாழாகும். எனவே, ஓரக் கால்வாயில் அடைத்துக்கொண்ட இலைகளையும் மண்ணையும் மண்வெட்டியால் அள்ளுவது எளிய பணியாகத் தோன்றினாலும், பாதையின் ஆயுளை நீட்டிப்பது அதுவே.

இப்பணிகளைத் தொண்டூழியர்கள் தம் விருப்பம்போல் செய்துவிட முடியாது. பாதை பெரும்பாலும் தனியார் வயல்களின் ஊடே செல்கிறது. திறந்து விடப்பட்ட ஒரு கதவால் ஆடுகள் வெளியேறிவிடலாம். பாதையை விட்டு விலகிய குதிரை பயிரை மிதித்துவிடலாம். உழவர்களின் கவலை நியாயமானது. ஆகவே, மன்றத்தின் அனுமதியைப் பெற்று, நில உரிமையாளரிடம் பேசிய பின்னரே நல்ல குழுக்கள் வேலையைத் தொடங்குகின்றன.

வரைபடத்தில் ஒரு கோடு

பாதையைக் காக்கும் பணியில் பாதி, காகிதங்களுக்கு நடுவே நடைபெறுகிறது. 1949ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பொதுப் பாதைகளை அதிகாரப்பூர்வ வரைபடத்தில் பதிவுசெய்யும்படி மன்றங்களைப் பணித்தது. அப்போது சில பாதைகள் விடுபட்டன. சில குதிரைப் பாதைகள் வெறும் நடைபாதைகளாகக் குறிக்கப்பட்டன. வரைபடத்தில் இல்லாத பாதையை ஒருவர் வேலியிட்டு மறித்தால், அது பொதுப் பாதை என்று மெய்ப்பிப்பது கடினம்.

எனவே, தொண்டூழியர்கள் ஆவணக் காப்பகங்களுக்குச் சென்று பழைய வரைபடங்களை ஆராய்கிறார்கள். 1910ஆம் ஆண்டு நிலவரிச் சட்டத்திற்காகத் தயாரிக்கப்பட்ட பதிவேடுகள் அவர்களுக்குப் பெரிதும் உதவுகின்றன. தம் நிலத்தின் வழியே பொதுப் பாதை செல்வதாக ஓர் உரிமையாளர் அன்று வரிக்குறைப்புக் கேட்டிருந்தால், அது இன்று வலுவான சான்றாக அமைகிறது. முதியோரின் நினைவுகளும் மதிப்புடையவை. ஒரு வழியைப் பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையின்றிப் பயன்படுத்தியதை மெய்ப்பித்தால், அதைப் பொதுப் பாதையாகக் கருத சட்டம் இடமளிக்கிறது.

2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம் இப்பணியை அவசரமாக்கியது. பழைய பாதைகளைப் பதிவுசெய்ய 2026 ஜனவரி 1 இறுதி நாள் என அது அறிவித்தது. பிரிட்டிஷ் குதிரைச் சங்கம் தொண்டூழியர்களுக்குப் பயிற்சியளித்தது. பல பாதைகளுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. பின்னர் அந்தக் காலக்கெடு 2031க்குத் தள்ளிப்போடப்பட்டது. 2024 டிசம்பரில், காலக்கெடுவையே நீக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது.

ஆனால், முட்செடிகளுக்குக் காலக்கெடு எதுவும் இல்லை. அவை ஒவ்வொரு கோடையிலும் வளர்கின்றன. பழைய வழிகளை நினைவில் வைத்திருக்கும் முதியோரின் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் குறைகிறது. அதனால்தான் தொண்டூழியர்களுள் சிலர் கத்தரியோடு பாதைக்குச் செல்கிறார்கள். வேறு சிலர் குறிப்பேட்டோடு முதியவர் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். இருவகைப் பணிகளும் சேர்ந்தே ஒரு பாதையை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கின்றன.